பின்னால் தெளித்த பால்

வெளிக்கிடுகிற ஆளைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது. "எங்க போறாய்?" என்று கேட்கக் கூடாது. "போறன்" என்று சொல்லவே கூடாது. "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். மருந்துப் போத்தலில் உள்ள எழுத்தை வாசிக்கக் கண்ணாடி தேடும் வயதுக்கு வந்துவிட்ட உங்களுக்கு இதையெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டும். அவர்கள் "பை" என்று ஒற்றை எழுத்தைச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"போட்டு வாறன்" என்பதில் இரண்டு பாதி இருக்கிறது. போவது ஒன்று, வருவது ஒன்று. அதில் ஒரு பாதியை நான் பதினொரு வயதில் விழுங்கிவிட்டேன். போன மாதம் வரைக்கும் அது தொண்டைக்குள்தான் இருந்தது.

அப்போது நாங்கள் வென்ட்வேர்த்வில்லில், ஸ்ரேசனுக்குப் பின்பக்கம், சிவப்புச் செங்கல் பிளாட் ஒன்றில் இருந்தோம். மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. உங்களில் பாதிப்பேர் அப்படி ஒன்றில்தான் தொடங்கியிருப்பீர்கள். படிக்கட்டில் எந்நேரமும் யாரோ ஒருவர் வீட்டு வெங்காயம் பொரிகிற மணம். செங்கல் சுவரில் வரிசையாகப் பதித்த தபால்பெட்டிகள். பின்வளவில் குடை மாதிரிச் சுற்றுகிற உடுப்புக் கொடி. நாங்கள் நடு மாடி. எங்களுக்கு நேர் கீழே கீழ்வீட்டு அன்ரி. எங்களுக்கு ஐந்து வருடம் முந்தி வந்தவர் என்பதால் இந்த நாட்டைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது.

அப்பாவின் அகதி விண்ணப்பம் ஒருமுறை மறுக்கப்பட்டு அப்பீலில் கிடந்தது. அடுத்தது ட்ரிப்யூனல். அப்பாவை நேரே இருத்தி விசாரிப்பார்கள். அதிலும் இல்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு முன் வில்லாவுட் தடுப்பு முகாமில் கொண்டுபோய் வைப்பார்கள். அப்பாவோடு வேலை செய்த ஒருவரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். வில்லாவுட் என்ற பேரை எங்கள் வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. "அங்க" என்பார்கள். "அவரை அங்க கொண்டு போட்டாங்களாம்."

ஆகவே எங்களுக்குச் சந்தேகப்படுவது பல் தீட்டுகிற மாதிரி ஒரு அன்றாட வேலை. ரெலிபோன் மூன்று தரம் அடித்து நின்று, மறுபடி அடித்தால்தான் எடுப்போம். யாராவது கதவைத் தட்டினால் அம்மா தரையில் குனிந்து, கதவுக்குக் கீழேயுள்ள இடைவெளியால் வந்தவரின் காலைப் பார்ப்பார். மினுக்கிய கறுப்புச் சப்பாத்து என்றால் குடிவரவுக் கந்தோர் ஆள். திறக்கத் தேவையில்லை. "மனுசன் பொய் சொல்லுவான், சப்பாத்து சொல்லாது" என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு.

அந்தக் குளிர்காலத்தில்தான் எங்களுக்கு அடுத்த கதவுக்கு மூன்றுபேர் குடிவந்தார்கள். புருசன், பெண்சாதி, என் வயதில் ஒரு பெண்பிள்ளை. கட்டில், மெத்தை எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் ஒரு நீளப் பெட்டி, கம்பளியால் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி அந்த மனுசன் மேலே கொண்டுபோனார். அப்பா திரைச்சீலை இடுக்கால் பார்த்துவிட்டு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்:

"இஞ்சரும், பெட்டியின்ர நீளத்தைப் பாத்தனீரோ?"

நாங்கள் வந்த இடத்தில் அந்த நீளத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது, துவக்கு.

இரண்டு கிழமை அவர்கள் எங்களுக்குச் "சீனாக்காரர்". பிறகு அந்தப் பிள்ளை என் வகுப்புக்கு வந்தாள். ரீச்சர் உலகப் படத்தில் ஒரு பெரிய மண்ணிற இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் வீட்டுக்கு வந்து மங்கோலியா என்று அறிவித்தேன். கீழ்வீட்டு அன்ரி ஒத்துக்கொள்ளவில்லை. "அது சீனாவுக்குப் பக்கத்து வளவுதானே" என்றார்.

முதலில் எங்களைக் குழப்பியது குரல். மங்கோலிய அங்கிள் விடியக் காலையில் வேலைக்குப் போய்ப் பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்புவார். குளித்துச் சாப்பிட்டு, நாலு மணியளவில் பாடத் தொடங்குவார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் அடித்தொண்டையில், தம்புரா மாதிரி, விடாமல் உறுமும். அதே நேரத்தில் அதற்கு மேலே இன்னொரு குரல், கேத்தில் கொதிக்கத் தொடங்கும்போது வருகிற சீழ்க்கை மாதிரி, மெல்லிதாக மேலும் கீழும் போகும். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நிற்கும்.

அப்பா ஒரு சில்வர் பேணியைச் சுவரில் வைத்துக் காதைக் கொடுத்தார். மூன்று பின்னேரம் அப்படிக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ரெண்டு ஆம்பிளையள். ஒருத்தன்தான் வெளியில வாறான். மற்றவனை உள்ளுக்க வைச்சிருக்கினம்."

இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஒரு வீட்டுக்குள் எத்தனை குரல் கேட்கிறது, வெளியே எத்தனை சாப்பாட்டுக் கோப்பை கழுவிக் கவிழ்த்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் பழக்கப்பட்ட ஆட்கள் நாங்கள். எண்ணிக்கை பிசகிய வீட்டுக்கு என்ன நடந்தது என்பதையும் அப்பா கண்டவர். கீழ்வீட்டு அன்ரி அந்தக் கணக்கை உடனே முடித்துவைத்தார். ஒளித்திருப்பவனைத் தேடி ஒருநாள் ஆட்கள் வருவார்கள், வந்தால் அந்தக் கதவோடு நிற்க மாட்டார்கள், அடுத்த கதவையும் தட்டுவார்கள். அடுத்த கதவு எங்களுடையது.

அடுத்த நாளே அம்மா என்னைக் கூப்பிட்டு, தலையிழுத்து, எண்ணெய் வைத்து அனுப்பினார். "போய் அந்தப் பிள்ளையோட விளையாடு. எத்தினை கட்டில், எத்தினை பல் பிரஸ் எண்டு பாத்துக்கொண்டு வா."

நான் போனேன். கதவைத் திறந்ததும் வாசல் படியில் ஏறி நின்றேன். மங்கோலிய அன்ரி என் இரண்டு தோளையும் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்து, படியைக் காட்டித் தலையாட்டினார். அதில் மிதிக்கக் கூடாதாம். எங்கள் வீட்டிலும் நிலைப்படியில் நின்றால் அடிதான் விழும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு அவர் என் தலையைப் பிடித்து, உச்சியில் மூக்கை வைத்து, நீளமாக ஒருமுறை மணந்தார். ஒரு கிண்ணத்தில் பால் தேத்தண்ணி தந்தார். வலது கையால் நீட்டி, இடது கையை வலது முழங்கைக்குக் கீழே கொடுத்தபடி. ஒரு மிடறு குடித்தேன். உப்பு. சீனி என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டாரோ, வேண்டுமென்றே போட்டாரோ தெரியவில்லை. மிச்சத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

நீளப் பெட்டி திறந்துதான் கிடந்தது. உள்ளே இரண்டு நரம்பு கட்டிய ஒரு வாத்தியம். கழுத்தின் உச்சியில் ஒரு குதிரைத் தலை செதுக்கியிருந்தது. காது இரண்டும் நிமிர்ந்து, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிற குதிரை. அங்கிள் அதை முழங்காலுக்கு நடுவில் வைத்து வில்லால் இழுத்து, வாயைக் கொஞ்சம் திறந்தார். இரண்டு குரலும் வந்தன. நான் எழும்பி அவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஒரே தொண்டையிலிருந்துதான் இரண்டும். நான் தேடுகிறேன் என்று தெரிந்து அவர்களுடைய மகள் தரையில் விழுந்து சிரித்தாள்.

அவளிடம் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் ஆட்டின் கணுக்கால் எலும்புகள், கை பட்டுப் பட்டு மினுங்கிப்போய். அதை உருட்டி விளையாடுவார்கள். எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்துக் குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு என்று பேர். எனக்குக் குதிரை விழுந்தது. அவள் அந்த எலும்பை என் கையில் வைத்து மூடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து முழு அறிக்கை கொடுத்தேன். கட்டில் இரண்டு, பல் பிரஸ் மூன்று. "ஒரு ஆள்தான் அப்பா. ஒரு வாயால ரெண்டு குரலும் வருது."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "பிள்ளையை என்னவோ செய்து அனுப்பியிருக்கினம்."

தலையை மணந்ததைச் சொன்னபோது அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டார். "மோந்து பாத்தவவோ? என்னத்துக்கு?" என் உச்சியை அம்மா மணக்காத நாளில்லை, ஆனால் அது வேறு, இது வேறு. எலும்பைக் கண்டதும் கீழ்வீட்டு அன்ரியைக் கூப்பிட்டார்கள். அன்ரி அதைத் தொடாமலே சுற்றிவந்து பார்த்துவிட்டு, "என்னத்தின்ர எலும்பு எண்டு ஆர் கண்டது?" என்றார். அம்மா அதைப் பேப்பரில் சுற்றித் தெருமுனைக் குப்பைவாளியில் போட்டுவிட்டு, வந்து எனக்கு மிளகாய் சுற்றி நாவூறு கழித்தார். அந்த எலும்பின் வழுவழுப்பு இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டுத் தந்தாலும் கண்டுபிடிப்பேன்.

அந்தக் கிழமையே இன்னொன்று. படிக்கட்டில் மங்கோலிய அங்கிள் இறங்க, அப்பா ஏற, இருட்டுத் திருப்பத்தில் அங்கிளின் கால் அப்பாவின் காலை மிதித்துவிட்டது. மிதித்த அந்த நொடியே அங்கிள் பாய்ந்து அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா கையை உதறிக்கொண்டு மேலே ஓடிவந்து, சங்கிலியைப் போட்டு, குசினிக் கதிரையில் இருந்துவிட்டார். "கையைப் பிடிச்சவன்" என்றார். ஊரில் அப்பாவின் கையை அப்படி ஒருமுறை பிடித்தவர்கள் அவரைப் பதினான்கு மாதம் விடவில்லை.

இப்போதைக்கு இரண்டு வருடத்துக்கு முந்தி, நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு மங்கோலியப் பிள்ளை புதிதாகச் சேர்ந்தாள். கட்டில் விரிப்பு மாற்றும்போது என் காலை மிதித்தாள். மிதித்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர்கள் வழக்கமாம். கால் பட்டால் கையைக் கொடுத்து அந்த மனத்தாங்கலை அந்த இடத்திலேயே அழித்துவிட வேண்டுமாம். நாங்கள் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில்லையா, அதேதான். நான் அந்தப் பிள்ளையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பயந்துபோனாள்.

சரி, விசாரணைக் கடிதத்துக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி, சிட்டியில். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் ஒரே ஒருத்திக்குத்தான் சொன்னேன். பள்ளிக்கூட இடைவேளையில், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு. அப்பா பெரிய கந்தோருக்குப் போகிறார், சில நேரம் திரும்பி வரமாட்டார் என்று. அவள் தன் பிஸ்கற்றில் பாதியைத் தந்தாள்.

அந்தச் செவ்வாய் அம்மா சகுனத்தை முழுக்கத் தானே ஏற்பாடு செய்திருந்தார். அப்பா வாசலைத் தாண்டும்போது நான் கீழேயிருந்து ஒரு செம்பு நிறையத் தண்ணியோடு எதிரே வர வேண்டும். கீழ்வீட்டு அன்ரி சுமங்கலியாக யன்னலில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். எல்லாம் சொன்னபடி நடந்தது. அப்பா இஸ்திரி போட்ட ஒரே வெள்ளைச் சேர்ட்டும், கக்கத்தில் ஃபைலுமாக வெளியே வந்து, "போட்டு வாறன்" என்றார். நான் செம்போடு நடந்தேன்.

அப்போதுதான் கண்டேன். அப்பாவுக்குப் பின்னால் மங்கோலிய அன்ரி படியிறங்கி வந்தார். அன்றைக்கு அவர் முழங்காலுக்குக் கீழ் வரும் நீலப் பட்டு அங்கி போட்டிருந்தார், இடுப்பில் மஞ்சள் சால்வை இறுக்கிக் கட்டி. ஒரு கையில் பால் கிண்ணம். மறு கையில் நீளக் காம்பு வைத்த மரக் கரண்டி. கரண்டியைப் பாலில் தோய்த்து, அப்பா நடக்கிற பக்கம் பார்த்துக் காற்றில் வீசினார். ஒருமுறை, இன்னொருமுறை. பால் சிமெந்தில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக விழுந்தது. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்களில் பால் தெளிப்பது எப்போது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எரித்து, தணல் ஆறி, எலும்பு பொறுக்கும்போது.

கீழ்வீட்டு அன்ரி யன்னலில் சிரித்த முகத்தை மறந்துவிட்டுச் சொன்னார்: "ஐயோ, உயிரோட இருக்கிற மனுசனுக்கல்லோ பால் தெளிக்கிறாள்."

அம்மா பல்கனியிலிருந்து கத்தினார். வெளிக்கிட்ட ஆளைப் பின்னால் கூப்பிடக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்த அம்மாதான். "இஞ்சேருங்கோ, நில்லுங்கோ! திரும்பி வாங்கோ!"

அப்பா திரும்பினார். சிமெந்தில் பால், அதற்கு அங்கால் கரண்டியோடு ஒரு பெண், மற்றப் பக்கம் செம்போடு நான். மேலே கூட்டிக்கொண்டுபோய் மஞ்சள் தண்ணியில் தலைமுழுக வைத்தார் அம்மா. வெள்ளைச் சேர்ட்டில் ஒரு துளி விழுந்திருந்ததாம். வேறு சேர்ட்டைத் தேடி இஸ்திரி போட்டார். கெட்ட நேரம் கழியட்டும் என்று இன்னும் கொஞ்சம் இருத்தினார். அப்பா சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் போய்விட்டது. வக்கீல் கெஞ்சி இன்னொரு திகதி வாங்கினார். இனியும் பிந்தினால் அப்பாவைக் கேளாமலே முடிவு எடுத்துவிடுவார்கள், மூன்றாம் தரம் என்று ஒன்று இல்லை என்று அவர் ரெலிபோனில் சொன்னது எனக்கும் கேட்டது.

அன்று பின்னேரம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினார். அப்பா எங்கள் வாசலுக்குள் நின்றார். வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மங்கோலிய அன்ரிக்கும் கொஞ்சம்தான் தெரியும், ஆனால் அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

"இவருக்கு ஏன் பால் தெளிச்சவ எண்டு கேள். இவர் போறது இவைக்கு எப்பிடித் தெரியும் எண்டும் கேள்."

நான் கேட்டேன். அன்ரியின் முகம் மலர்ந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்தாரோ தெரியாது. என்னைக் கையால் காட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்: "யூ, டோட்டர் டெல். ஃபாதர் கோ பிக் ஒஃபீஸ். சோ, மில்க். கோ குட், கம் பேக் குட். றோட் வைற்." கைகளால் ஒரு பாதையை நீட்டிக் காட்டி, பிறகு அதே பாதையைத் தன் நெஞ்சுப் பக்கம் திருப்பிக் கொண்டுவந்தார்.

அதை அப்படியே சொன்னால், நான்தான் அவர்களுடைய மகளுக்குச் சொன்னவள் என்பது முதலில் வரும். ஒருவருக்கும் சொல்லாதே என்றதை நான் மீறியது வரும். அம்மாவின் பிடி என் மணிக்கட்டில் இறுகியிருந்தது. நான் சொன்னேன்:

"போ எண்டுதான் தெளிச்சவவாம்."

அவ்வளவுதான். வருகிற பாதியை விட்டுவிட்டேன்.

அம்மா சொன்னார், சத்தம் போடாமல், அது எனக்குச் சத்தத்தை விடப் பயமாக இருந்தது. "இனி எங்கட ஆக்களின்ர நிழலையும் மிதிக்க வேண்டாம் எண்டு சொல்லு. உன்ர பாலும் வேண்டாம், உன்ர பிள்ளையும் எங்கட வாசலுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லு."

அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வகுப்பில் இங்கிலீஷில் நான் கெட்டிக்காரி. அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார். நீட்டிய கையை மடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கதவை மெதுவாகச் சாத்தினார். அவருக்குப் பின்னால் அவர்களுடைய மகள் நின்றாள். நான் சொன்னதெல்லாம் அவளுக்கு அவளுடைய அம்மாவை விட நன்றாக விளங்கியிருக்கும்.

அதற்குப் பிறகு நாலு மணிப் பாட்டு நின்றது. பேணியை வைத்துக் கேட்டாலும் ஒன்றும் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. "இப்ப ஏன் சத்தமில்லை?" என்று அப்பா கேட்டார். "மற்றவனை எங்கயோ மாத்திப் போட்டினமோ?" பள்ளிக்கூடத்தில் அவள் வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாம் திகதி வந்தது. அன்றைக்கு மழைத் தூறல். அம்மா விடியவே எழும்பி அடுத்த கதவுக்கு முன்னால் தும்புத்தடியோடு நின்றார். கூட்டவில்லை, நின்றார். கீழ்வீட்டு அன்ரிக்குப் படியடியில் காவல். அந்தக் கதவு திறக்கவே இல்லை. என்னை அப்பாவோடு ஸ்ரேசன் மட்டும் போகச் சொன்னார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

ஸ்ரேசனுக்குத் திரும்புகிற ஒழுங்கையில், குப்பைவாளிகள் வரிசையாக நிற்கிற இடத்தில், எனக்குப் பின்னால் ஏதோ பட்டது மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டேன். மங்கோலிய அன்ரி நின்றார். பட்டு அங்கி இல்லை, சாதாரணக் கம்பளிச் சட்டை, தலைமயிர் மழையில் ஒட்டிப்போய். எங்களுக்கு முந்தியே வீட்டை விட்டு வந்து அங்கே நின்றிருக்க வேண்டும். மகள் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து, மழைத்தண்ணி பாலில் விழாமல் குனிந்து மறைத்துக்கொண்டிருந்தாள். அன்ரி கரண்டியை வீசினார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, ஃபைலைச் சேர்ட்டுக்குள் செருகிக்கொண்டு நடந்தார்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள். நான் வாயைத் திறந்து "அப்பா" என்றால் போதும், அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார், எல்லாம் முடிந்துவிடும். நான் முன்பக்கம் திரும்பி நடந்தேன். ஸ்ரேசன் வாசலில் அப்பா என் தலையில் கையை வைத்து, "போட்டு வாறன் பிள்ளை" என்றார்.

வந்தார். சில கிழமைகளில் கடிதமும் வந்தது. இருக்கலாம் என்று. அம்மா முருகனுக்கு வைத்த நேர்த்தியைத் தீர்த்தார். கீழ்வீட்டு அன்ரி தன் காவலால்தான் என்றார். அந்தக் கடிதம் வருவதற்குள் மங்கோலியக் குடும்பம் போய்விட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை நாங்கள் கோயிலால் வந்தபோது அடுத்த கதவு திறந்து, உள்ளே வெறும் கம்பளம். மெல்பேர்ணுக்கா, ஊருக்கா, ஒருவருக்கும் தெரியாது. "சொல்லாமல் கொள்ளாமல் போனதைப் பாத்தாலே விளங்கேல்லையே" என்றார் கீழ்வீட்டு அன்ரி. யாருக்குச் சொல்லிவிட்டுப் போவது?

இனிப் போன மாதம்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா தேத்தண்ணி எடுக்கக் கீழே போன நேரம், என்னைக் கிட்ட வரச் சொன்னார். குரல் நூலாகிவிட்டது.

"அந்தப் பால்காரி. ரெண்டாந்தரமும் தெளிச்சவ என்ன?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சப்பாத்தில ஒரு துளி. கந்தோர் வெயிற்றிங் றூமில இருக்கேக்கதான் கண்டனான். லேஞ்சியால துடைச்சுப் போட்டு இருந்தனான்."

"பயப்பிடேல்லையோ?"

"பயந்தனான். எழும்பி வருவம் எண்டும் நினைச்சனான். பிறகு யோசிச்சன். கெடுக்க நினைக்கிற ஆள் மழைக்க நனைஞ்சுகொண்டு நிக்காது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அண்டைக்கு அவ கொம்மாவுக்குச் சொன்னது நீட்டுக் கதை. நீ சொன்னது கட்டை. மிச்சம் என்ன?"

குரல்களை எண்ணிப் பழகிய மனுசன் சொற்களையும் எண்ணியிருக்கிறார். இத்தனை வருடமும் கேட்காமல் வைத்திருந்தார். நான் மிச்சத்தைச் சொன்னேன். நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னது, கோ குட், கம் பேக் குட், நெஞ்சுப் பக்கம் திரும்பிய கை, எல்லாம். என்னோடு வேலை செய்கிற பிள்ளையிடம் கேட்டறிந்ததையும் சொன்னேன். பயணம் போகிறவருக்குப் பின்னால் வீட்டுப் பெண்கள் பால் தெளிப்பார்கள், அந்தக் கரண்டியில் ஒன்பது குழி இருக்கும், தங்கள் ஆட்களுக்குத்தான் தெளிப்பார்கள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அப்ப, போட்டு வா எண்டிருக்கிறா" என்றார். பிறகு, "கொம்மாவுக்கு நீயே சொல்லு. நான் இருக்கேக்க வேண்டாம்."

அவர் இருக்கும்போது சொல்லவில்லை.

சாம்பலை ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் தந்தார்கள், உங்களுக்குத் தெரியும். ஆற்றங்கரையில் ஒரு சின்னப் படகுத்துறை. ஐயர், அம்மா, கீழ்வீட்டு அன்ரி தடியை ஊன்றியபடி, இன்னும் நாலைந்து பேர். ஆம்பிளைப் பிள்ளை இல்லாத வீடு, ஐயர் என்னையே செய்யச் சொன்னார். சாம்பல் தண்ணியில் ஒரு பாய் மாதிரி விரிந்து நகரத் தொடங்கியது. செம்பில் பாலைத் தந்தார். நான் கையால் அள்ளி, அது போகிற பக்கம் பார்த்துக் காற்றில் வீசினேன். ஒருமுறை, இன்னொருமுறை. மழை இல்லை, நல்ல வெயில்.

"போட்டு வாங்கோ அப்பா" என்றேன்.

ஐயரின் மந்திரம் பாதியில் நின்றது. கீழ்வீட்டு அன்ரி தடியைத் தட்டினார். "பிள்ளை, செத்த வீட்டில அந்தச் சொல்லுச் சொல்லப்பிடாது."

அம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழால் சப்பாத்தைப் பார்க்கிற பார்வை. எல்லோரும் காருக்கு நடக்கத் தொடங்கியதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஆர் உனக்கு இப்பிடிச் சொல்லித் தந்தது?"

சொன்னேன். அந்தத் துறையில் நின்றபடியே, பிஸ்கற்றில் தொடங்கி, ஒழுங்கையில் நின்ற மழை மட்டும் சொன்னேன். அம்மா தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண்பதைத் தாண்டிய மனுசி, என் மணிக்கட்டில் அதே பிடி. முடித்த பிறகு கேட்டார்.

"அவ சொன்னதில பாதியை விட்டனீ. சரி. நான் அவவுக்குச் சொன்னதில எவ்வளவைச் சொன்னனீ?"

"முழுக்க, அம்மா."

அம்மா பிடியை விட்டார். என் கையிலிருந்த செம்பை வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு தண்ணிக்கு மேலே நீட்டிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார், அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும்.